கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்: மரக்காணம் கரையிலிருந்து மலேரியாவின் வரலாறு

மலேரியா எதனால் வருகிறது என்று நம் வகுப்பில் யாரைக் கேட்டாலும் இரண்டு நொடியில் பதில் வந்துவிடும். "கொசுவால வருது, கொசு சாக்கடையில வருது, சாக்கடை ஏன் இருக்கு? ஜனங்க சுத்தமா இல்ல, அதான்." இந்தப் பதிலில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தப்பு. தப்பு மட்டுமல்ல, நோய்வாய்ப்பட்டவனையே குற்றவாளி ஆக்கிவிடுகிற தப்பு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சாக்கடையில் வளர்வது க்யூலெக்ஸ் கொசு. அது யானைக்கால் நோயைப் பரப்பும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் வகைக் கொசு பெரும்பாலும் தெளிந்த நீரையே தேடிப் போகும். கிணறு, வயல், ஆற்றுக் குட்டை, மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். அதன் சில இனங்கள் உப்பு கலந்த கழிநீரிலும் வளரும். அப்படியென்றால் ஒரே ஊரில், ஒரே தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வீடுகளில் ஒரு வீட்டுக்கு மட்டும் காய்ச்சல் திரும்பத் திரும்ப ஏன் வருகிறது? நூறு வருடத்துக்கும் மேலாக விஞ்ஞானிகளைச் சுற்ற வைத்த கேள்வி இது.

இதை மரக்காணத்தில் இருந்து தொடங்குகிறேன். சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சாலையை ஒட்டியே சதுரம் சதுரமாகப் பாத்திகள், அங்கங்கே வெள்ளைக் குவியல்கள், மேலே பனையோலை போர்த்தி வைத்திருப்பார்கள். பஸ் ஜன்னலில் பார்க்க அழகாகத்தான் இருக்கும் (செல்போனில் படம் எடுக்காதவர் உண்டா?). சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. பக்கத்தில் கழுவேலி ஏரி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடி தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று இதைச் சொல்வார்கள். 2021ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்.

இந்த ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஆந்திராவில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிகிற இடம் மரக்காணம். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் பட்டினியால் சாகக் கிடந்தவர்களுக்கு நிவாரண வேலை என்று சொல்லி, சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்ட வைத்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. அந்தக் கால்வாயில் உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போயின. உப்பு 1805லிருந்தே சென்னை மாகாணத்தில் கம்பெனியின் ஏகபோகம். அதாவது உப்பு வாருகிறவனும் தன் கஞ்சிக்கு வரி கட்டித்தான் உப்புப் போட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, உப்பளத்தில் கொசு வளருமா? உப்பு பூக்கும் நிலையில் இருக்கும் பாத்தியில் வளராது. அந்த அடர்த்தியில் லார்வா பிழைக்காது. ஆனால் உப்பளம் என்பது பாத்தி மட்டும் இல்லையே. கழியிலிருந்து தண்ணீர் வரும் வாய்க்கால், மண் எடுத்த பள்ளம், மழை பெய்ததும் உப்பு நீர்த்துப் போகும் ஓரங்கள், ஆடு மாடு குடிக்கும் குட்டை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த நிலம். அதன் நடுவில்தான் குடிசைகள்.

இங்கிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர் தெற்கே, பாண்டிச்சேரியில், 1975ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. பெயர் நோய்க் கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். முதல் இயக்குநர் பி.கே.ராஜகோபாலன். நம் கரையின் மலேரியாவைப் பற்றி நமக்கு உருப்படியாகத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தக் கட்டடத்திலிருந்து வந்ததுதான்.

அனோபிலிஸ் சப்பிக்டஸ் என்று ஒரு கொசு இனம். இந்தியா முழுக்க ஏராளமாக இருக்கிறது. பெரும்பாலும் மாட்டைத்தான் கடிக்கும், மனிதனுக்கு ஆபத்து இல்லை என்று பெரிய புத்தகங்கள் எல்லாம் அதைத் தள்ளி வைத்திருந்தன. கே.என்.பணிக்கரும் அவருடைய குழுவினரும் 1981ல் கரண்ட் சயின்ஸ் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். தென்கிழக்குக் கடலோரக் கிராமங்களில் மலேரியாவைப் பரப்புவது இந்தச் சாதுக் கொசுதான் என்பது அதன் சாரம்.

மாட்டைக் கடிக்கும் கொசு இங்கே மட்டும் ஏன் மனிதனைக் கடித்தது? என் ஊகத்தைச் சொல்கிறேன். ஒரு விவசாய ஊரில் தொழுவம் நிறைய மாடு இருக்கும். கடலோரக் குப்பத்தில் எத்தனை மாடு இருக்கும்? கொசுவுக்கும் பசி உண்டு. மாடு இல்லாத ஊரில் திண்ணையில் படுத்திருக்கும் ஆள்தான் கிடைப்பான். (மாடு வைத்திருந்தால் பாதுகாப்பு என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். வீட்டை ஒட்டித் தொழுவம் இருந்தால் மாட்டைத் தேடி வரும் கொசு வீட்டுக்குள்ளும் நுழையும்.)

பாண்டிச்சேரிக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவதுதான். கடலோரக் கழிகளின் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும். தேங்கிய உவர்நீரில் பச்சைப் பாசி கம்பளம் போலப் படரும். பாசிக்கு நடுவே லார்வாக்கள் சொகுசாக இருக்கும், மீனால் நெருங்க முடியாது. பாசியை அகற்றினால் மீன்களே மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். மருந்து தெளிக்க வேண்டிய அவசியமே இல்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யார் வாருவது? அன்றாடம் கூலிக்குப் போகிறவரிடம் போய் "உங்க நன்மைக்குத்தான், வாரம் ஒரு நாள் பாசி எடுங்க" என்றால் யார் வருவார்? ஒரு நாள் கூலி போனால் அன்றைக்கு அடுப்பு எரியாது. மையத்தின் விஞ்ஞானிகள் இதைப் புரிந்துகொண்டார்கள். அந்தப் பாசியை மற்றக் கூழோடு சேர்த்துக் கையால் செய்யும் காகிதம் ஆக்கலாம் என்று கண்டுபிடித்து, வாரிக் கொடுக்கும் கிராமத்தாருக்கு அதில் வருமானம் வரும்படி செய்தார்கள். பாசி காசானதும் ஆட்கள் வந்தார்கள். குளங்களில் மீன் வளர்ப்பையும் இதே மாதிரி ஊக்குவித்தார்கள். கொசுவைப் பற்றி எத்தனை துண்டுப் பிரசுரம் அடித்திருந்தாலும் இது நடந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். ஏழையின் அறியாமைதான் பிரச்சினை என்று நினைத்தவர்கள் துண்டுப் பிரசுரம் அடித்தார்கள். ஏழைக்கு நேரம் இல்லாததுதான் பிரச்சினை என்று கண்டவர்கள் காகிதம் செய்தார்கள் :-)

ராமேசுவரம் தீவிலும் இதே போல ஒன்று உண்டு. அங்கே சவுக்குக் கன்றுகளுக்கு ஊற்ற மணலில் தோண்டும் குழிகளில் ஊறி நிற்கும் நல்ல தண்ணீரில் குலிசிஃபேசிஸ் என்னும் அனோபிலிஸ் இனம் வளர்ந்து மலேரியாவைப் பரப்பியது. 1980களில் இதே பாண்டிச்சேரி மையத்தார் அதை ஆராய்ந்து எழுதினார்கள். சவுக்குக் குழியை மூடு என்று சொல்வது சுலபம். அந்தக் குழிதான் ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

இப்போது தண்ணீரை விட்டு வீட்டுக்குள் வருவோம்.

கூரை வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள், உள்ளே இருந்து கவனித்திருக்கிறீர்களா? மண்சுவர் ஓர் உயரத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் மூங்கிலோ சவுக்குக் கம்போ வைத்துக் கீற்று வேய்ந்திருப்பார்கள். சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. காற்று வர, அடுப்புப் புகை போக அது வேண்டும். மனித வாசனையும் அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு கொசு அதே வழியாக உள்ளே வருகிறது. இரத்தம் குடித்த கொசு உடனே பறந்து போய்விடுவதும் இல்லை. இருட்டான, ஈரமான மண்சுவரிலும் ஓலையிலும் உட்கார்ந்து செரிக்க வைக்கும். வெள்ளையடித்த வெளிச்சமான அறை அதற்குப் பிடிப்பதில்லை.

வீடுதான் முக்கியம் என்பதை 1900லேயே இத்தாலியில் காட்டிவிட்டார்கள். ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைப் பார்த்து மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை. கப்பாச்சியோ சமவெளியில் ரயில்வே ஊழியர்களின் வீடுகளுக்குக் கதவு ஜன்னல் எல்லாம் வலை அடித்துக் கிராஸி என்ற விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். வலைக்குள் இருந்த 112 பேரில் 5 பேருக்கு மட்டுமே காய்ச்சல். வலை இல்லாமல் இருந்த 415 பேருக்கும் காய்ச்சல்! தீர்வு அப்போதே கையில் இருந்தது. வலை அடிக்க ஜன்னல் வேண்டும், ஜன்னல் வைக்க நல்ல சுவர் வேண்டும், சுவர் கட்டக் காசு வேண்டும் என்பதுதான் சிக்கல்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று இலங்கையில் இருக்கிறது. கதிர்காமம் பகுதிக் கிராமங்களில் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் செய்த ஆய்வு 1991ல் வெளிவந்தது. வீடுகளை இரண்டாகப் பிரித்தார்கள். மண்ணாலோ கிடுகாலோ சுவர் வைத்துக் கூரை வேய்ந்த அரைகுறை வீடுகள் ஒரு பக்கம். செங்கல் சுவர் பூசி ஓடு போட்ட முழு வீடுகள் இன்னொரு பக்கம். முதல் வகை வீட்டில் இருந்தவர்களுக்கு மலேரியா வரும் அபாயம் இரண்டரை மடங்கு. வீட்டுக்குள் பிடிபட்ட கொசுவும் அங்கேதான் அதிகம். அதே பகுதியில் பின்னால் செய்த கணக்கு இன்னும் சுவாரசியம். இந்த ஏழை வீடுகளை எல்லாம் நல்ல வீடாக மாற்றிக் கொடுத்தால், மலேரியாவுக்குச் செலவழிக்கும் பணம் மிச்சமாகிப் பத்து வருடத்துக்குள் போட்ட முதல் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டார்கள்.

இந்தியா என்ன செய்தது? 1953ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அதற்கு முன் வருடத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு நோய், எட்டு லட்சம் சாவு என்பது மதிப்பீடு. கொசு உட்காரும் வீட்டுச் சுவரில் டி.டி.டி. தெளிப்பதுதான் திட்டத்தின் உயிர்நாடி. அதற்கு முன்னோட்டம் நம் தஞ்சாவூர்ச் சீமையிலேயே நடந்திருக்கிறது. 1934ல் மேட்டூர் அணை திறந்து பட்டுக்கோட்டைப் பக்கம் புதுப் பாசனம் போனதும் மலேரியாவும் கூடவே போனது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் அங்கே காசாங்காடு கிராமத்தில் வீடுகளிலும் தொழுவங்களிலும் பைரித்ரம் (சாமந்தி இனத்துப் பூவிலிருந்து எடுக்கும் மருந்து) தெளித்துப் பார்த்தார். டி.டி.டி. இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே நடந்த சோதனை அது.

ரஸ்ஸலும் டி.ராமச்சந்திர ராவும் செய்த இன்னொரு சோதனையைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. நாற்று நட்ட புதிதில் வயலில் முட்டையிடும் குலிசிஃபேசிஸ், பயிர் வளர்ந்ததும் வருவதில்லை. நிழல்தான் காரணமா? தண்ணீரில் வெறும் கண்ணாடிக் குச்சிகளை நெருக்கமாக நட்டு வைத்தார்கள். கொசு அப்போதும் வரவில்லை. தண்ணீருக்கு மேலே ஆடிக்கொண்டே முட்டையிடும் கொசுவுக்குக் குச்சி இடிக்கிறது, அவ்வளவுதான்!

டி.டி.டி. வேலை செய்தது. 1965ல் நாடு முழுக்க நோயாளிகள் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். பிறகு 1976ல் 64 லட்சத்துக்கு ஏறியது. மருந்துத் தட்டுப்பாடு, கொசுவின் எதிர்ப்புச் சக்தி, மெத்தனம் என்று காரணங்களைப் புத்தகங்கள் அடுக்குகின்றன. எல்லாம் உண்மை. வீட்டுக் கணக்கையும் நான் அதோடு சேர்ப்பேன். பூசிய சுவரில் தெளித்த மருந்து மேலே படிந்து நிற்கும், மண்சுவர் அதை உறிஞ்சிக்கொள்ளும். மேலும் மண்வீட்டுக்காரர்கள் பொங்கலுக்குப் பொங்கல் சுவரை மண்ணும் சாணமும் போட்டு மெழுகுவார்கள். மெழுகியதும் மருந்து அடியில் போய்விடும். கீற்றும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும். அரசாங்கம் தெளித்த அதே மருந்து மாடி வீட்டில் அதிக நாளும் குடிசையில் குறைந்த நாளும் வேலை செய்தது என்றால், நியாயமாகப் பங்கிட்டதாகச் சொல்ல முடியுமா?

வீடு ஒரு பாதி. மறுபாதி வயிறு.

1908ல் பஞ்சாபில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் சுமார் மூன்று லட்சம் பேர் காய்ச்சலில் செத்தார்கள். ஆராய அனுப்பப்பட்ட கிறிஸ்டோஃபர்ஸ் என்ற ராணுவ மருத்துவர் பழைய ஆண்டுகளின் மழையையும் தானிய விலையையும் சாவுக் கணக்கோடு வைத்துப் பார்த்தார். அதிக மழை மட்டும் பெய்த வருடங்களில் அத்தனை சாவு இல்லை. தானிய விலை ஏறிய பிறகு அதிக மழை பெய்த வருடங்களில்தான் கொள்ளை கொள்ளையாகச் செத்தார்கள். கொசு காய்ச்சலைக் கொடுத்தது, பட்டினி ஆளைக் கொன்றது.

1934-35 இலங்கையில் இதே கதை. மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாக நின்றுவிட, குலிசிஃபேசிஸ் பெருகியது. கேகாலை, குருநாகல் பக்கம் கிராமம் கிராமமாகப் படுத்தார்கள். சாவு சுமார் 80,000. உலகப் பொருளாதார மந்தத்தில் தேங்காய், ரப்பர் விலை விழுந்து ஏற்கெனவே அரைவயிற்றில் இருந்த மக்கள் அவர்கள். நிவாரணத்துக்குப் போன சூரியமல் இயக்கத்து இளைஞர்களும் டாக்டர் எஸ்.ஏ.விக்கிரமசிங்கவும், கொயினா கொடுத்தாலும் ஆட்கள் எழுந்து நிற்கவில்லை என்று பார்த்தார்கள். மார்மைட்டை நாட்டு வைத்தியர் மாத்திரை போல உருட்டிக் கொடுத்தார்கள்! அது மருந்தே இல்லை, உணவு.

கொயினா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்த மருந்தின் சின்கோனா மரத்தை 1860களிலிருந்து வளர்த்தது நம் நீலகிரியில், நடுவட்டம், தொட்டபெட்டா பக்கம். மருந்து நம் மலையில், காய்ச்சல் நம் கரையில், நடுவில் விலை.

மரக்காணத்துக்குத் திரும்புவோம். உப்பளத் தொழிலாளிக்கு வேலை ஏறத்தாழ ஜனவரி முதல் செப்டம்பர் வரை. வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்தி மூழ்கிவிடும். வேலை கிடையாது, வருமானம் கிடையாது. பள்ளங்களில் தண்ணீர் நிற்கும் அதே மாதங்களில்தான் கையில் காசும் இல்லை. கிறிஸ்டோஃபர்ஸ் பஞ்சாபில் பார்த்த ஜோடி, மழையும் பசியும், இங்கே பஞ்சம் இல்லாமலேயே வருடாவருடம் வந்து போகிறது. மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் 5,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. அதை ஒரு சுகாதாரத் திட்டம் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்வேன்.

வேலை நேரமும் கவனிக்க வேண்டியது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க விடியுமுன்பே பாத்தியில் இறங்குகிறார்கள். அனோபிலிஸ் கடிப்பதும் அந்தியிலிருந்து விடியல் வரை. கொசுவலைக்குள் தூங்கச் சொல்கிறோம், அந்த நேரத்தில் அவர்கள் தூங்கவே இல்லையே.

காய்ச்சல் வந்துவிட்டால்? நம் பக்கம் அதிகம் காணப்படும் வைவாக்ஸ் வகை மலேரியா கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்பி வரும். அதனால்தான் நம் பாட்டிமார் முறைக்காய்ச்சல் என்று சொன்ன நோய் வருடக்கணக்கில் ஒரே வீட்டைச் சுற்றியது. ஒளிந்திருப்பதை அழிக்கும் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் சாப்பிட வேண்டும். மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் வேலைக்குப் போய்விடுகிறவரிடம் மீதி நாளைப் பற்றிப் பேசிப் பாருங்கள். உலகளவில் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2013ல் லான்செட் இதழில் எழுதினார்கள். மிக ஏழ்மையான வீட்டுக் குழந்தைகளுக்கு மலேரியா இருக்கும் வாய்ப்பு, அதே ஊரில் ஓரளவு வசதியான வீட்டுக் குழந்தைகளைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

தமிழ்நாட்டில் இப்போது மலேரியா ரொம்பவே குறைந்துவிட்டது. சமீப ஆண்டுகளில் மாநிலம் முழுக்கச் சில நூறு நோயாளிகள்தான். மருந்தும் கொசுவலையும் பரிசோதனையும் இதற்குக் காரணம் என்று சுகாதாரத் துறை சொல்லும், சரிதான். ஆனால் 2010ல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011ல் வந்த பசுமை வீடுகள் திட்டம், 2024ல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் (2030க்குள் எட்டு லட்சம் வீடு, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய்) ஆகியவற்றையும் யாராவது மலேரியாக் கணக்கில் எழுத வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த அந்த ஒரு சாண் இடைவெளியைக் கான்கிரீட் தளம் அடைத்துவிட்டது அல்லவா?

அதே கான்கிரீட் தளத்தின் மேல் தண்ணீர்த் தொட்டி வந்து உட்காரும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் ஸ்டீஃபென்சி கொசு கிணற்றிலும் மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் வளர்கிறது. மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் தெருச் சாக்கடையோடு நிற்காமல் மொட்டை மாடி வரை ஏறி வருவது அந்தத் தொட்டியின் மூடியைப் பார்க்கத்தான்.